வீட்டு வரி ரசீதும் எம்.ஏ. வினாத்தாளும்

சந்திரகிரியில் எங்கள் தெருவில் சில தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, இரண்டு தலைமுறைக்கு முன் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தது. அந்த வீட்டுப் பெண் பொருளாதாரத்தில் எம்.ஏ. படிக்கிறாள். 'பொது நிதியியல்' தாளில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவள். ஒரு நாள் அவள் அப்பா பஞ்சாயத்து ஆபீசிலிருந்து கொண்டுவந்த வீட்டு வரி ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மாமா, இந்தப் பன்னு ரசீதுல கிரந்தாலய செஸ்ஸுன்னு ஒரு வரி இருக்கே, அது என்னன்னு அப்பா கேக்கறாரு. எனக்குத் தெரியலைன்னா, 'எம்.ஏ. படிச்சு என்ன பிரயோசனம்'ங்கறாரு."

பக்கத்தில் நின்ற தகப்பனார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் முப்பது ஆண்டுக்காலம் கல்லூரிகளில் இதே பாடத்தை நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பெண்ணிடம் இல்லாதது என் மாணவர்களிடமும் இல்லை. இல்லாமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு. அந்தக் குற்ற உணர்வோடுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் ரசீதுக்கு விடை சொல்லிவிடுகிறேன். கிரந்தாலய செஸ் என்பது நூலக வரி. வீட்டு வரியோடு சேர்த்து வாங்கப்படும் ஒரு சிறு மேல்வரி. இந்தியாவில் இதற்கு வழிகாட்டியது 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். அதன் பின்னால் நின்ற உந்துசக்தி, நூலக அறிவியலின் தந்தை எனப்படும் நம் சீர்காழி எஸ்.ஆர். அரங்கநாதன். சித்தூர் மாவட்டம் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. பிறகு ஆந்திரம் 1960இல் தனக்கென ஒரு நூலகச் சட்டம் இயற்றிக்கொண்டபோதும் அந்தச் செஸ் தொடர்ந்தது. ஆக, அந்த ரசீதின் ஒரு சிறு வரியில் ஒரு தமிழரின் வாழ்நாள் உழைப்பும், பிரிந்த மாகாணத்தின் வரலாறும், 'குறித்த ஒரு செலவுக்கென்றே ஒதுக்கப்பட்ட வரி' என்னும் பொது நிதியியல் கருத்தும் சேர்ந்தே இருக்கின்றன. அந்தக் கருத்தை அவள் தேர்வில் எழுதியிருக்கிறாள். தன் வீட்டு ரசீதில் அதை அடையாளம் காணத்தான் முடியவில்லை.

என்ன கற்பிக்கிறோம்?

நம் பல்கலைக்கழகங்களில் இந்தத் தாளின் வினாக்களை ஒரு முறை வரிசையாகப் பார்த்தாலே போதும். ஆடம் ஸ்மித் 1776இல் சொன்ன நான்கு வரி விதிப்பு விதிகள்: சமத்துவம், உறுதிப்பாடு, வசதி, சிக்கனம். டால்டனின் அதிகபட்ச சமூக நன்மைக் கோட்பாடு. வாக்னர் விதி. மஸ்கிரேவ் 1959இல் வகுத்த மூன்று பணிகள்: வளங்களை ஒதுக்குதல், பகிர்ந்தளித்தல், பொருளாதாரத்தை நிலைப்படுத்துதல். 'விளக்குக', 'விவரி', 'வேறுபடுத்துக'. அவ்வளவுதான்.

இவையெல்லாம் வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. இவை இல்லாமல் ஒரு வரவு செலவுக் கணக்கு வெறும் மளிகைச் சிட்டைதான். என் குறை வேறு. கருத்தைக் கற்பிக்கிறோம், அந்தக் கருத்து எந்தச் சண்டையில் பிறந்தது, எந்தக் கணக்கில் பயன்படும் என்பதைக் கற்பிப்பதில்லை.

டால்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வளைகோடுகள் போட்டு, வெட்டும் புள்ளியில் 'இங்கே சமூக நன்மை அதிகபட்சம்' என்று எழுதினால் முழு மதிப்பெண். அந்த நன்மையை யார், எந்தக் கோலால் அளப்பது என்று கேட்கும் மாணவனை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். கேட்டவனையும் "இது சிலபஸ்ல இல்லப்பா" என்று உட்கார வைத்திருக்கிறேன். அந்த டால்டன் வெறும் புத்தக ஆசிரியர் அல்லர். 1945 முதல் பிரிட்டனின் நிதியமைச்சராக இருந்தவர். 1947 நவம்பரில், பட்ஜெட் உரையாற்ற அவைக்குள் நுழையும் வழியில் ஒரு பத்திரிகையாளரிடம் சில வரி விவரங்களைச் சொல்லிவிட்டார், அவர் பேசி முடிக்கும் முன் அது அச்சாகிவிட்டது, பதவி விலகினார். பட்ஜெட் ரகசியம் ஏன் காக்கப்படுகிறது, முன்கூட்டித் தெரிந்தால் யார் லாபம் பார்ப்பார் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் உண்டா? நம் நோட்ஸில் டால்டன் உண்டு. இந்தக் கதை கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எம்.ஏ. முடிக்கும் பெரும்பாலான மாணவர்கள் ஒரு பட்ஜெட் புத்தகத்தைக் கையால் தொட்டதில்லை. அதில் ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே நான்கு பத்திகள் இருக்கும்: முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பு ஆண்டின் மதிப்பீடு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. அரசு சொன்னதற்கும் செய்ததற்கும் உள்ள தூரம் முழுதும் இந்தப் பத்திகளுக்கு நடுவில்தான் கிடக்கிறது. மேடையில் முழங்குவது மதிப்பீட்டை. அதைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவனே கொள்கை ஆய்வின் வாசலை மிதித்தவன்.

முன்பு ஒருவர் செய்து காட்டினார்

'இதெல்லாம் நடக்கிற காரியமா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர். அதற்கு முன் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். வந்த நாட்டைப் பற்றித் தனக்கு அதிகம் தெரியாது என்பதை அவர் மறைக்கவில்லை. தன் மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து, அவரவர் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாருடையது, கூலி என்ன, கடன் எவ்வளவு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எழுதிவரச் சொன்னார். அந்த அறிக்கைகள் 1918இல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் நூலாயின. வட ஆர்க்காட்டுத் தூசி, திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான் போன்ற ஊர்கள் அதில் உண்டு. இருபது ஆண்டுகள் கழித்து, 1930களில், பி.ஜே. தாமஸ், கே.சி. இராமகிருஷ்ணன் ஆகியோரின் முயற்சியில் அதே ஊர்கள் மறுபடி ஆராயப்பட்டன. இன்றும் தென்னிந்தியக் கிராமப் பொருளாதாரம் பற்றி எழுதுகிறவர்கள் அந்த நூலைத் தேடிப் போகிறார்கள். அதாவது, மாணவர்கள் எழுதிய வீட்டுப்பாடம் நூறாண்டு கடந்து ஆதாரமாக நிற்கிறது. நம் வீட்டுப்பாடம் தேர்வு முடிந்த மறுவாரம் பழைய பேப்பர்காரரிடம் போகிறது.

ஸ்லேட்டரிடமும் ஒரு குறை உண்டு. அவர் மாணவர்கள் 'என்ன இருக்கிறது' என்று எழுதினார்களே தவிர, 'என்ன செய்யலாம், செய்தால் யாருக்கு நட்டம்' என்பது பெரும்பாலும் அவர்கள் கேள்வியாக இல்லை. அதைச் சேர்த்தால்தான் கொள்கை ஆய்வு. என் அனுபவத்தில் நான்கு கேள்விகள் போதும்: யார் கொடுக்கிறார்? எதில் கொடுக்கிறார்? யாருக்குப் போய்ச் சேருகிறது? வேறு வழி என்ன? இந்த நான்கையும் கேட்டுப் பழக, சந்திரகிரி திருப்பதி வட்டாரத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்கும் இல்லை.

நம் காலடியில் கிடக்கும் பாடநூல்

சந்திரகிரிக் கோட்டைக்கு வரும் நம்மவர் ராஜமகால் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். 'சென்னைப் பட்டணத்தை வெள்ளைக்காரனுக்கு எழுதிக் கொடுத்த ராஜாவின் கோட்டை' என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். அந்தக் கொடை வெறும் கதை அல்ல. ஒரு நிதி ஒப்பந்தம். 1639இல் பிரான்சிஸ் டேக்கு அதை அளித்தவர் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர். அவருக்கு மேலே சந்திரகிரி அரசர். கம்பெனியின் சரக்குக்குச் சுங்கம் இல்லை. மற்றவர்களிடம் வாங்கும் துறைமுகச் சுங்கத்தில் இரு தரப்புக்கும் பாதிப் பாதி. பிறகு நாடு கோல்கொண்டா கைக்குப் போனது. பங்கு என்பது நிலையான தொகையாக மாறியது. 1672இல் அது ஆண்டுக்கு 1,200 வராகன் என்று தீர்ந்தது.

இதை ஒரு வகுப்பில் வைத்துப் பாருங்கள். பங்கு நல்லதா, நிலையான குத்தகை நல்லதா? பங்கு என்றால் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும், ஏமாற்று நடக்கும். நிலையான தொகை என்றால் தொல்லை இல்லை. ஆனால் பட்டணம் வளர வளர, வளர்ச்சி முழுதும் குத்தகைக்காரனுக்கே. சென்னை எப்படி வளர்ந்தது என்று நமக்குத் தெரியும். இன்று கனிமத்துக்கு டன்னுக்கு இத்தனை ரூபாய் என்று வாங்குவதா, விலையில் சதவீதம் வாங்குவதா என்ற விவாதமும் இதே கணக்குத்தான்.

கோட்டையிலிருந்து மலைக்குப் போவோம். திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல்; அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழில் இருப்பவை. இதைச் சொல்லி நெஞ்சு நிமிர்த்தாத தமிழ்ச் சங்கக் கூட்டமே இல்லை. நல்லது. ஆனால் அவற்றில் என்ன எழுதியிருக்கிறது? பெரும்பகுதி வரவு செலவுக் கணக்கு! விஜயநகரக் காலத்தில் பக்தர் ஒருவர் பணம் கொடுத்து, 'இன்ன நாளில் இன்ன அமுது படைக்க வேண்டும்' என்று கட்டளை ஏற்படுத்துவார். கோயில் அந்தப் பணத்தை எடுத்து அப்படியே செலவழித்துவிடவில்லை. திருவிடையாட்டக் கிராமங்களில் ஏரி, கால்வாய் வெட்டப் போட்டது. பாசனத்தால் கூடிய விளைச்சலிலிருந்து அந்த அமுது ஆண்டுதோறும் நடந்தது. பர்ட்டன் ஸ்டைன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1960இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் எடுத்துக் காட்டினார். மூலதனச் செலவு, நடப்புச் செலவு என்ற வேறுபாட்டை வெளிநாட்டு உதாரணம் வைத்து நாம் நடத்துகிறோம். அந்த வேறுபாட்டைக் கல்லில் வெட்டி வைத்த ஊரில் உட்கார்ந்துகொண்டு!

வரிசையில் நிற்பதும் ஒரு விலை

இனி இன்றைய திருமலை. தேவஸ்தானத்தின் 2025-26ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் 5,258 கோடி ரூபாய்க்கு மேல். இதில் உண்டியல் வருமானம் 1,729 கோடி, வைப்புத் தொகை வட்டி 1,310 கோடி என்று மதிப்பிட்டார்கள். ஊழியர் செலவு சுமார் 1,770 கோடி. அதாவது உண்டியலில் விழுவதைவிடச் சற்றே அதிகம். பக்தர்களில் எத்தனை பேர் இதை எண்ணிப் பார்த்திருப்பார்கள்?

ஆனால் எண்களைவிடப் பெரிய பாடம் வரிசையில் இருக்கிறது. ஒரே தரிசனத்துக்கு நான்கு விதமாக விலை கொடுக்கலாம். 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவுச் சீட்டு வாங்கலாம். ஸ்ரீவாணி அறக்கட்டளைக்குப் பத்தாயிரம் நன்கொடை கொடுத்து இன்னும் அருகில் போகலாம். எங்கள் சந்திரகிரிப் பக்கத்து ஸ்ரீவாரி மெட்டுவில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் ஏறிக் கால்வலியால் கொடுக்கலாம். எதுவும் இல்லாதவர் சர்வ தரிசனத்தில் நின்று மணிக்கணக்கால் கொடுக்கலாம். 'இலவசம்' என்று பெயரே தவிர, இலவசம் அல்ல. செய்யாற்றிலிருந்து வரும் கூலித் தொழிலாளிக்கு அந்த மணிகள் ஒரு நாள் கூலி. சில சமயம் இரண்டு நாள்.

அப்படியானால் கட்டணச் சீட்டை ஒழித்துவிடலாமா? எல்லோரும் ஒரே வரிசை என்றால் வரிசை நீளும்; கூலிக்காரர் இன்னும் அதிக நேரம் நிற்பார்; கட்டண வருமானமும் போகும். கட்டணத்தைக் கூட்டலாமா? கூட்டினால் சாமியைப் பணத்துக்கு விற்பது போல் ஆகாதா? டோக்கன் கொடுத்து நேரம் குறித்துவிடலாமா? கொடுத்தால் மலைமேல் வரிசை குறையும்; டோக்கன் கொடுக்கும் இடத்தில் புது வரிசை முளைக்கும்.

இந்தக் கடைசி வாக்கியம் வெறும் வாதம் அல்ல. 2025 ஜனவரி 8ஆம் தேதி மாலை, வைகுண்ட துவார தரிசன டோக்கன்கள் மறுநாள் காலையில் கொடுக்கப்படவிருந்த நிலையில், திருப்பதி நகரத்து மையங்களில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். நெரிசலில் ஆறு பேர் இறந்தனர். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பெண்மணியும் அவர்களில் ஒருவர். இன்னார் குற்றம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு விதியை வகுக்கும்போது, 'இதனால் கூட்டம் எங்கிருந்து எங்கே நகரும், எந்த நேரத்தில், எந்தக் கதவுக்கு முன்' என்று கேட்கப் பழகிய ஆட்கள் மேசையைச் சுற்றி இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தைத் தருவதுதான் கொள்கை ஆய்வுப் பாடம். அதை நாம் 'விளக்குக - 10 மதிப்பெண்' ஆக்கி வைத்திருக்கிறோம். அந்த ஆறு பேர் இறந்த ஊரில் இருக்கும் கல்லூரிகளில் அடுத்த வாரமே இதை வகுப்பில் எடுத்துப் பேசியிருக்க வேண்டாமா?

பெருமை மட்டும் போதாது

நம்மவரிடமும் ஒரு குறை உண்டு, உரிமையோடு சொல்கிறேன். வரி என்ற பேச்சு வந்தால் உடனே பிசிராந்தையாரை எடுத்து வந்துவிடுவோம். பாண்டியன் அறிவுடை நம்பிக்கு அவர் சொன்ன புறநானூற்று யானை உவமை யாருக்குத் தெரியாது? நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலத்து விளைச்சலே பல நாளுக்கு வரும். யானையே வயலில் இறங்கினால் அது தின்பது கொஞ்சம், மிதித்துப் பாழாக்குவது அதிகம். கைதட்டல் வாங்கிவிட்டு உட்கார்ந்துவிடுவோம்.

அந்த இடத்தில்தான் பாடம் தொடங்க வேண்டும். யானை தின்ற நெல் வீணாகவில்லை; அது அரசின் கருவூலம். மிதிபட்ட நெல் அரசனுக்கும் இல்லை, குடிக்கும் இல்லை. இன்றைய பொருளியலார் இதையே வரியின் 'மிகைச் சுமை' என்கிறார்கள். எந்த வரியில் மிதிபாடு அதிகம், எதில் குறைவு? உப்புக்கு வரி போட்டால் என்ன ஆகும், நகைக்குப் போட்டால் என்ன ஆகும்? வாங்குவதை எளிதில் நிறுத்தக்கூடிய பொருளில் மிதிபாடு அதிகம். நிறுத்த முடியாத பொருளில் மிதிபாடு குறைவு. ஆனால் சுமை ஏழை தலையில். இந்த இழுபறியை எண் போட்டுக் காட்டும் மாணவன்தான் அந்தப் புலவருக்கு உண்மையான வாரிசு.

இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் வாழும் நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2021 முதல் 2026 வரைக்கான 15ஆவது நிதிக்குழு, மாநிலங்களுக்குப் பிரியும் மத்திய வரியில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதமும் ஆந்திராவுக்கு 4.047 சதவீதமும் என்று வகுத்தது. ஏறத்தாழ சமம். ஆனால் 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள் தொகை 7.2 கோடி, இன்றைய ஆந்திர எல்லைக்குள் சுமார் 5 கோடி. ஏன் இப்படி? வருமான இடைவெளிக்கு 45 சதவீத எடை, மக்கள் தொகைக்கு 15, பரப்புக்கு 15, காடு, சுற்றுச்சூழலுக்கு 10, மக்கள் தொகைக் கட்டுப்பாட்டுக்கு 12.5, வரி முயற்சிக்கு 2.5. வேலூர் மாமனும் சித்தூர் மச்சானும் கல்யாண வீட்டில் 'எங்களுக்குத்தான் அநியாயம்' என்று சண்டை போடுவதற்கு முன், இந்த எடைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். வகுப்பில் பாதிப் பேர் தமிழ்நாட்டுக்கும் பாதிப் பேர் ஆந்திராவுக்கும் வாதாடட்டும். மறுநாள் பக்கம் மாறி வாதாடட்டும். அப்போது தெரியும் நியாயம் எவ்வளவு சிக்கலானது என்று. கூடவே, மத்திய அரசு வாங்கும் செஸ்ஸும் மேல்வரியும் இந்தப் பங்கீட்டுக்குள் வருவதில்லை என்பதும் தெரியும். செஸ் என்ற சொல்லை அந்தப் பெண் தன் வீட்டு ரசீதில் பார்த்தாளே, அதே சொல்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

ஆசிரியர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வகுப்பில் அறுபது பேர். தெலுங்கு வழியில் படித்தவர், ஆங்கில வழி, நம் தமிழ்ப் பிள்ளைகள் என்று மூன்று கலவை. பருவத்துக்குப் பருவம் பாடத்தை முடித்தாக வேண்டும். ஊருக்குள் அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னால், 'வேலையத்த வேலை' என்பார்கள். நானே ஒரு முறை மாணவர்களைப் பஞ்சாயத்து வரவு செலவைப் பார்த்துவர அனுப்பினேன். வெறுங்கையோடு திரும்பினார்கள், கணக்கைக் காட்ட யாருக்கும் மனமில்லை. மறுபடி அனுப்பாமல் விட்டேன். அது என் கோழைத்தனம். கணக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதையே ஒரு பாடமாக நடத்தியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அதனால் கல்லூரியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். வீட்டு வரி ரசீது, மின்சார பில், மளிகைக்கடை ஜி.எஸ்.டி. பில், இவற்றைச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் கையில் கொடுங்கள். மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் கேளுங்கள். அவர்கள் கேட்டால் "உனக்கெதுக்கு, படிக்கிற வேலையைப் பாரு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதுதான் படிப்பு.

அந்தப் பெண் மறுபடியும் வந்தாள். நூலக செஸ் பற்றி விசாரித்தாளாம். "மாமா, நம்ம பக்கத்துக்குக் கிளை நூலகம் வேணும்னு ஒரு மனு எழுதலாமா?" என்றாள். கலிபோர்னியாவில் கொள்கை ஆய்வு கற்பித்த யூஜீன் பார்டாக் தன் மாணவர்களுக்குச் செய்யும் எச்சரிக்கை ஒன்றை அவளிடம் சொன்னேன்: தீர்வை எடுத்துப் பிரச்சினையின் பெயருக்குள் ஒளித்து வைக்காதே. "நூலகம் இல்லை என்பதா உன் பிரச்சினை? இல்லை, பிள்ளைகளுக்கு உட்கார்ந்து படிக்க இடமும் புத்தகமும் இல்லை என்பதா? இரண்டாவது என்றால், இருக்கிற நூலகத்தை இரவு எட்டு மணி வரை திறந்து வைத்தாலும் ஒரு வழிதானே? செலவு எவ்வளவு ஆகும்?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கேட்டாள்: "இதை எங்க மாமா எழுதறது? எந்தத் தாள்ல வரும்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. பல்கலைக்கழகங்களிடம் இருக்க வேண்டும்.